படை வரும் நாளில் வெளியேறியவர்கள்

இசைவாணிக்குச் சொந்த ஊர் பேரையூர்ப் பக்கம். உசிலம்பட்டிக்கு அருகே ஒரு தனியார் மகளிர் கல்லூரியில் பதினோரு வருடமாக கிரேக்க, ரோமானிய வரலாறு நடத்திவந்தாள். அந்தத் தாளை மற்ற ஆசிரியர்கள் தட்டிக்கழிப்பார்கள். அவள் கேட்டு வாங்கிக்கொள்வாள்.

போன வருடம் ஆங்கிலத் துறை ஜெஸி பேறுகால விடுப்பு கேட்டு எழுதிக்கொடுத்தாள். "பிள்ளை பெறப் போறவங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்று தாளாளர் மலையாண்டி அவளை வேலையை விட்டே நிறுத்திவிட்டார். ஆசிரியைகள் ஜெஸியைத் தேற்றிவிட்டு அவரவர் வகுப்புக்குப் போனார்கள். இசைவாணியும் போனாள்.

அன்றைய பாடம், ரோமின் எளிய மக்கள் நகரத்தை விட்டு வெளியேறியது. பிரபுக்களின் கொடுமை தாங்காமல், படைவீரர்களாக இருந்த அந்த மக்கள், கல்லெறியாமல், தீ வைக்காமல், நகருக்கு வெளியே ஒரு குன்றில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

கடைசி பெஞ்சு அன்னக்கொடி எழுந்தாள். "சும்மா உக்காந்ததுக்கா மிஸ் பெரிய ஆளுங்க பயந்தாங்க?"

"எதிரிப் படை வர்ற நேரம்மா அது. சண்டை போட ஆளில்ல."

சொல்லிவிட்டு இசைவாணி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். கல்லூரிக்குத் தரச்சான்று தரும் ஆய்வுக் குழு வர ஒன்பது நாள்தான் இருந்தது.

அந்த ஒன்பது நாளும் ஒவ்வோர் ஆசிரியையாகப் பார்த்துப் பேசினாள்.

"நம்மளயும் தூக்கிட்டா என்னக்கா பண்றது?" என்றாள் தாவரவியல் தாமரைச்செல்வி.

"ஒருத்தியத் தூக்கலாம். இம்புட்டுப் பேரையும் தூக்கிட்டு, வர்றவங்ககிட்ட யாரக் காட்டுவாங்க?"

மூன்று பேர் வர மறுத்துவிட்டார்கள். ஆய்வு நாள் காலையில் இருபத்து மூன்று பேர், கல்லூரி கொடுத்த நீலப் புடவையிலேயே, எதிரே இருந்த பாறைமேட்டில் ஏறி உட்கார்ந்தார்கள்.

முதல்வர் இம்மானுவேல் வியர்க்க விறுவிறுக்க மேலே வந்தார். "நாம எல்லாம் ஒரே உடம்பும்மா. வயித்து மேல கோவிச்சுக்கிட்டு கை வேலை செய்யலன்னா, கையும்தானே வாடிப்போகும்?"

இசைவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், ரோம்ல அந்தக் குன்றுக்கும் ஒருத்தர அனுப்பி இதே கதையத்தான் சொல்ல வச்சாங்க. கதையக் கேட்டுட்டு அவங்க சும்மா இறங்கல. தங்களுக்குன்னு பிரதிநிதிகள வாங்கிட்டுத்தான் இறங்கினாங்க. எங்களுக்கும் எழுதிக் கொடுங்க."

"உங்க பேருதான் முதல்ல அடிபடும்மா."

"படட்டும் சார்."

ஆய்வுக் குழுவின் கார் செக்கானூரணியைத் தாண்டிவிட்டதாக போன் வந்தது. மலையாண்டியே பாறையடிக்கு வந்து, தன் கார் பானெட்டில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்: ஜெஸிக்கு வேலையும் விடுப்பும், ஆசிரியைகளே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிக்கு நிர்வாகக் குழுவில் ஓர் இடம். இசைவாணி இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

ஏப்ரலில் அவளுடைய ஒப்பந்தத்தை மட்டும் புதுப்பிக்கவில்லை. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் பார்க்கலாம் என்றார் மலையாண்டி.

"எந்தத் தப்புக்குன்னு எழுதணும் சார்?" என்று கேட்டாள். அவர் கோப்பைப் புரட்டினார். அவள் வெளியே வந்துவிட்டாள்.

இப்போது தல்லாகுளத்தில் ஒரு போட்டித் தேர்வு மையத்தில் பாடம் எடுக்கிறாள். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். "ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தா இந்த அலைச்சல் உண்டா?" என்று கணவர் முத்துப்பாண்டி அலுத்துக்கொள்வார். "அந்த ஒரு வரிதான் எனக்கு வராதுங்க" என்பாள்.

கைக்குழந்தையோடு வேலைக்குத் திரும்பிய ஜெஸியைத்தான் ஆசிரியைகள் முதல் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். இசைவாணியைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பதுதான் அவள் கொண்டுவந்த முதல் தீர்மானம். நிர்வாகக் குழுவில் அதை இரண்டு முறை தள்ளிவிட்டார்கள். மூன்றாவது முறையும் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.