கிணற்றை வெளியே விட்ட வேலி

அவரை எல்லோரும் வேலியார் என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பது வருஷமாக வேலி கட்டுகிற மனுஷனுக்கு வேறு என்ன பேர் ஒட்டும்? வீட்டுக்காரிகூட, தேடி வருகிறவர்களிடம் "வேலியார் வேலைக்குப் போயிருக்கார்" என்பாள்.

வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது, "எது உள்ளே வரக்கூடாது?" என்பதுதான். ஆடு என்றால் முள்ளை வெட்டி நெருக்கி அடைப்பார். கோழி என்றால் மூங்கிலைப் பிளந்து, விரல் நுழையாத படல் கட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர் கண் என்றால் ஓலைத் தட்டி, அதுவும் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு சாண். வயல் தோட்டத்துக்கு மட்டும் உயிர்வேலிதான் என்று ஒற்றைக் காலில் நிற்பார். முள் மக்கும், கம்பி துருப்பிடிக்கும், போத்தாக வெட்டி ஊன்றிய கிளை மட்டும்தான் துளிர்த்து வருஷத்துக்கு வருஷம் தடிக்கும் என்பது அவர் கட்சி. கம்பி வேலி கேட்டு வருகிறவர்களை ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், பாதிப்பேர் அங்கேயே மனசை மாற்றிக்கொள்வார்கள்.

உயிர்வேலியை அவர் எல்லையின் மேலேயே நட மாட்டார். இரண்டு முழம் உள்ளே தள்ளித்தான் நடுவார். வெளிப்பக்கக் கிளையைக் கழிக்கிறவன் தன் மண்ணில் நின்று கழிக்க வேண்டும் அல்லவா? ஆனால் போத்து ஊன்றும் முன்பே அசல் எல்லையில் கல் நட்டுவிடுவார். கல் இருந்தால் கல்தான் எல்லை. கல் இல்லாத இடத்தில் வேலிதான். தகராறு என்று வந்தால் சர்வேயர் இவரைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார். இவரும் இந்த ஒரே பேச்சைத்தான் எல்லா இடத்திலும் பேசுவார்.

கல் நடாமல் அவர் கட்டியது ஒரே ஒரு வேலி. அது தம்பிக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது. அப்பா வாய்ப்பேச்சாகப் பிரித்துக் கொடுத்தபோது கிணறு அண்ணன் பங்கில் விழுந்தது. தம்பி மனைவி குடத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வரவேண்டாமே என்று, கிணற்றுக்குப் பக்கத்தில் வேலியை உள்வாங்கி வளைத்து, கிணற்றைத் தம்பி பக்கம் விட்டார். தன் வீட்டார் போய்வர ஒரு படல் கதவு வைத்தார். கல்லா? கூடப் பிறந்தவனுக்கு எதிரே கல் நடுவார்களா என்ன!

பதினான்கு வருஷம் கழித்து ஒரு காலையில் வீட்டுக்காரி வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள்.

"ஏங்க, படலைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கு."

போய்ப் பார்த்தார். கம்பியைத் தம்பிதான் முறுக்கியிருந்தான்.

"வேலி வரைக்கும் என்னோடதுண்ணே. நீங்களே நட்ட வேலிதானே?"

அந்தக் கிணறு இல்லாவிட்டால் வேலியார் தோட்டத்துக் கத்தரியும் மிளகாயும் ஒரு வாரம் தாங்காது. ஆனாலும் சர்வேயருக்கு மனு கொடுத்தது தம்பிதான். அண்ணன் வாயால் எது எல்லை என்று சொல்கிறாரோ அதற்கு மேல் மறுபேச்சு இல்லை என்றும் சொல்லியிருந்தான். அதைக் கேட்டதும் அண்ணனுக்கு மனசு இளகிவிட்டது. தம்பி கோபத்தில் ஏதோ செய்துவிட்டான், இறங்கி வருகிறான் என்று நினைத்துக்கொண்டார். பாவம், மனுஷன் அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

சர்வேயர் பத்திரத்தைப் புரட்டினார். அதில் இரண்டு பங்கும் ஒன்றாகவே கிடந்தது. பிரித்துக் கொடுத்த அப்பா உயிரோடு இல்லை.

"கிணறு என் பங்குங்க. அப்பா சொன்னப்ப இவனும் பக்கத்துலதான் நின்னான். கேளுங்க."

தம்பி தரையைப் பார்த்தான். "எனக்கு அப்படி ஞாபகம் இல்லைண்ணே."

ஞாபகம் இல்லையாம். அன்றைக்கு அவன், "கிணறு அண்ணனுக்கே இருக்கட்டும்பா" என்று வேறு சொன்னவன்.

சர்வேயர் சங்கடத்தோடு தொண்டையைச் செருமினார். "வேலியாரே, தப்பா எடுத்துக்காதீங்க. இது வேற யாரோட நிலமாவோ இருந்து, உங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

வேலியார் தம்பியைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். அடிமரம் தொடை பருமனுக்குத் தடித்திருந்தது. இல்லாத கல்லை இருந்ததாகச் சொல்லலாம், பெயர்ந்துபோனது என்று சொல்லலாம். அவர் பேச்சுக்கு அங்கே மறுப்பே இருக்காது. வாய்வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை.

"கல் இல்லைங்க. வேலிதான் எல்லை."

சர்வேயர் எழுதிக்கொண்டு போய்விட்டார். தம்பி கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தான்.

"நீங்க பொய் சொல்லமாட்டீங்கன்னு தெரியும்ணே," என்றான், மரியாதையாகத்தான். "அதனாலதான் கோர்ட்டுக்குப் போகாம, உங்களையே கேக்கச் சொன்னேன்."

கிணறு போனதுகூட அவருக்கு நாளாக நாளாக ஆறியிருக்கும். தன்னை இவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவன்தான் இதைச் செய்தான் என்பது கடைசிவரைக்கும் ஆறவில்லை.