தலையாட்டும் திங்கட்கிழமைகள்

புதிய மருத்துவமனைக் கட்டடத்தின் திட்ட மேலாளருக்கு எல்லாரும் வைத்த பெயர் ‘தேதியக்கா’. யாரைப் பார்த்தாலும் தேதிதான் கேட்பார். நாலு மாதம் மாடி ஏறி இறங்கியதில் செருப்பும் முழங்காலும் ஒருசேரத் தேய்ந்திருந்தன.

இப்போது மேசைமேல் ஒரு கடிதம். டைல்ஸ் ஒட்டும் வெளியூர்க் குழுவை நீக்கும் கடிதம். சாயங்காலத்துக்குள் அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டால், பதினோரு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

திங்கள்தோறும் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னாலும், குழுத் தலைவரான மீசைக்காரரிடம் கேட்பார்: “வெள்ளிக்கிழமை முடிஞ்சிடுமா?”

“முடிஞ்சிடும் மேடம்.”

இரண்டு வெள்ளி வந்து போயின. குளியலறைகள் மொட்டைத் தரையாகவே கிடந்தன.

பல ஊர் ஆட்களை அனுசரித்து வேலை வாங்குவது எப்படி என்று தலைமை அலுவலகம் மூன்று மணி நேர வகுப்பு வைத்திருந்தது. அக்கா அதைக் கணினியில் ஓடவிட்டுத் துணி மடித்தார். மதிப்பெண் நூற்றுக்கு நூறு; சான்றிதழும் வந்தது.

“அந்தச் சான்றிதழை மீசைகிட்ட காட்டுங்கக்கா, டைல்ஸ் பயந்து தானா ஒட்டிக்கும்” என்றார் எலக்ட்ரீஷியன். அக்காவுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

மதியம், குழுவினர் சாப்பிடப் போனதும் மூன்றாம் மாடிக்குப் போனார். மீசைக்காரர் மட்டும் இருந்தார். அக்கா டைல்ஸ் பெட்டிமேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

“அண்ணே, திட்ட வரல. என் இடத்துல நீங்க இருந்தா எந்தத் தேதி எழுதுவீங்க?”

அவர் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டார். “அடுத்த புதன்மா. தண்ணி கசியாம இருக்க அடியில பூசின பூச்சு இன்னும் காயல. இப்ப ஒட்டினா மூணே மாசத்துல பேத்துக்கும்.”

“இதைக் கூட்டத்துலயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

“பசங்க முன்னாடி மேலதிகாரிகிட்ட முடியாதுன்னு சொல்றதா? எங்க பக்கம் அது உங்க மூஞ்சில அடிக்கிற மாதிரிம்மா. தனியா கேப்பீங்கன்னு நானும் காத்துக்கிட்டே இருந்தேன்.”

கோபம் வர வேண்டிய இடம். களைப்புதான் வந்தது. அதற்குள் போன் அடித்தது. இயக்குநர்.

“கையெழுத்துப் போட்டாச்சா? புது ஆளுங்களை வச்சு வெள்ளிக்கிழமை முடிஞ்சிடும்ல?”

‘முடிஞ்சிடும் சார்’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இத்தனை வருடமும் அவரிடம் அதைத்தான் சொல்லியிருக்கிறார். யோசித்தால், அக்காவும் மீசை முளைக்காத மீசைக்காரர்தான்.

“இல்ல சார். இவங்களே முடிப்பாங்க. அடுத்த புதன். நான் கையெழுத்துப் போடல.”

“புதன் தவறினா அந்தக் கடிதத்துல உங்க பேரும் சேரும்.”

“சரி சார்.”

மீசைக்காரர் தன் தண்ணீர்ப் பாட்டிலை அக்கா பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, ஈரம் இருக்கிறதா என்று தரையில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.