தோட்டில் ஏறிய பாதரசம்

அறை வெப்பத்தில் திரவமாக இருக்கும் தனிமங்கள் இரண்டு: பாதரசம், புரோமின். பதினோராம் வகுப்பில் இதை மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். பாதரசம் தங்கத்தைப் பற்றிக்கொள்ளும் என்று அதே பக்கத்தில் இரண்டு வரி கீழே போட்டிருந்தது. அதுவரை யார் படித்தார்கள்?

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகும் நாட்களில், காய்ந்த கரும்புச் சோகை தோட்டில் மாட்டி இழுக்குமென்று அம்மா தன் தோடுகளைக் கழற்றி என் காதில் போட்டுவிடுவாள். எங்கள் வீட்டுக்குப் பூட்டு கிடையாது. என் காதுதான் பெட்டகம். வீட்டிலிருந்த தங்கமே அவ்வளவுதான்.

அப்படித் தோடு போட்டுப் போன ஒரு நாள், பள்ளி ஆய்வகத்தில் வெப்பமானி ஒன்று உடைந்தது. மேஜையில் உருண்ட பாதரசத்தை ஆசிரியை அள்ளுவதற்குள் உள்ளங்கையில் ஏந்தி விளையாடினேன். அதே விரலால் காதோர முடியை ஒதுக்கினேன். மாலையில் பார்த்தால் இடது தோடு ஈயமாக வெளுத்திருந்தது.

மண்ணெண்ணெயில் தேய்த்தேன். மறுநாள் ஆய்வகத்து ஸ்பிரிட், அசிட்டோன் எல்லாம் போட்டுப் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை. அதற்குள் அப்பா கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னாடி இது? இதப் போட்டுத்தான உன்னக் கட்டிக் குடுக்கணும்? படிச்சது போதும். நாளைலேர்ந்து கரும்பு வெட்ட வா."

"நான் கெடுத்தத நானே சரி பண்றேன். சரியாயிட்டா என்னப் படிக்க வுடணும்," என்றேன். அம்மா என்னுடன் பஸ் ஏறினாள். போகும் வழியில் பாதரசப் பாடத்தைக் கடைசி வரி வரை படித்தேன்.

கள்ளக்குறிச்சியில் நகை செய்யும் பத்தர் தோட்டைப் பார்த்ததும் ஊதுகுழலை எடுத்தார்.

"நெருப்புல காட்டாதீங்க ஐயா. பாதரசப் பொகை உங்க நெஞ்சுக்கு ஆவாது. நைட்ரிக் திராவகத்துல போடுங்க. அது பாதரசத்தக் கரைக்கும், தங்கத்தத் தொடாது."

"இன்னா பாப்பா, எனக்கே தொழில் சொல்றியா?"

"ஆமாங்க," என்றேன். வேறென்ன சொல்ல?

முணுமுணுத்துக்கொண்டே கிண்ணத்தை வாசலுக்கு எடுத்துப் போய்த் திராவகத்தில் போட்டார். மஞ்சள் திரும்பியது, பளபளப்பு திரும்பவில்லை. அப்பா அந்தத் தோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மங்கித்தான் கெடக்குது," என்றார். படிப்பைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை, வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்ட அம்மா வாசலில் நின்று தோடுகளைக் கழற்றினாள். பள்ளிக்கூடப் பையோடு நின்ற என்னை அருகே இழுத்தாள்.

"இன்னிக்கி இன்னா பாடம்?"

"புரோமின்."

"அது தங்கத்த இன்னா பண்ணும்?"

இந்த முறை பக்கம் முழுவதும் படித்திருந்தேன். "அதுவும் தின்னும்மா."

அம்மா மங்கிய தோட்டை என் காதில் வைத்துத் திருகாணியை இறுக்கினாள்.

"கையக் கழுவிட்டுக் காதத் தொடு. போ, பஸ்ஸு வந்துடும்."