பங்சார் லோரி புறப்பட்ட நேரம்

இதை எழுத நாலைந்து வருடமாகக் கை வரவில்லை. எழுதினால் என் தப்பும் வெளியே வருமே என்ற கூச்சம். இன்று காலை சாமி அலமாரியைத் துடைக்கும்போது, முருகன் படத்துக்குப் பின்னால் இருந்த அந்தத் தாள் மறுபடி கைக்கு வந்தது. ஒரே பக்கம். மூலையில் தே தாரேக் தேநீர்க் கறை. கீழே மூன்று கையெழுத்து, மூன்றாவது என்னுடையது.

கிள்ளானில் ஒரு மளிகைக் கிடங்கில் லோரிகள் புறப்படும் நேரத்தைக் கணினியில் பதிவது என் வேலை. சாமான் ஏன் கடைகளுக்குத் தாமதமாகப் போகிறது என்று அந்தப் பதிவுகளை அலசிச் சொல்ல, பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு மேடத்தை முதலாளி வரவழைத்தார். அவர் கணினியைத் தொடவேயில்லை. முதலில் சார்ட்டர் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தார். எதற்காக இந்த வேலை, எதைத் தேடுகிறோம், எதைத் தேடவில்லை, யார் பொறுப்பு என்று எல்லாரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் தாள்.

“என்ன மேடம், கல்யாணப் பத்திரிகை மாதிரி இவ்வளவு யோசிக்கிறீங்க?” என்றார் முதலாளி.

“கல்யாணத்துக்கு அப்புறம் சண்டை வராம இருக்கத்தான் பாஸ்.”

அதில் இரண்டு வரி இருந்தது. இந்த அலசலை வைத்துத் தனி ஆள் யாரையும் தண்டிக்கக்கூடாது. முடிவு சொல்லுமுன் பதிவு செய்தவரை நேரில் விசாரிக்க வேண்டும். நான் பாதி புரிந்தும் புரியாமலும் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் வாரம் பதிவுகளிலிருந்து ஒரு விஷயம் தெரிய வந்தது. வெள்ளிக்கிழமை பங்சார் பக்கத்துக் கடைக்குப் போகும் லோரி பத்தரைக்குள் கிளம்புகிறது. ஆனால் கடைக்குப் போய்ச் சேர மற்ற நாளைவிட ஒன்றரை மணி நேரம் கூடுதலாகிறது. அதை ஓட்டியவர், என்னைத் தம்பி என்றே கூப்பிடும் டிரைவர் அண்ணன். அவர் தன் மகளைக் கல்லூரியில் சேர்த்திருந்த சமயம்.

“எங்கயோ நிறுத்திட்டுத் தூங்குறான் லா. இந்த மாசத்தோட அனுப்பிடுறேன்,” என்றார் முதலாளி.

மேடம் தாளை அவர் முன் வைத்தார். “உங்க கையெழுத்துதான் பாஸ். முதல்ல பதிவு செஞ்சவரக் கேப்போம்.”

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்கும். அதற்கு முன்பே லோரியைக் கேட்டுக்கு வெளியே நகர்த்தச் சொல்வேன். அதையே புறப்பட்ட நேரமாகப் பதிந்துவிடுவேன். பிறகு உள்ளே கொண்டுவந்து சாமான் ஏற்றி உண்மையில் கிளம்பப் பன்னிரண்டாகிவிடும். நல்லது செய்கிறோம் என்றே வருடக்கணக்கில் செய்தேன். முருகனை நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

முதலாளி தாளை இரண்டு தரம் படித்தார். “அப்போ இவனையும் ஒண்ணும் செய்ய முடியாதா?”

“அவரும் தனி ஆள்தானே பாஸ்.”

முதலாளி யாரையும் அனுப்பவில்லை; தாளை என் பக்கம் தள்ளிவிட்டார். அதன்பின் வெள்ளிக்கிழமைச் சாமானை வியாழன் மாலையே ஏற்றினோம். அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னபோது சிரித்தார். “உன் சாமி என்னைக் காப்பாத்துச்சா, மாட்டி விட்டுச்சா தம்பி?”

அண்ணன் இன்னமும் அந்த லோரியை ஓட்டுகிறார். நானும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றித்தான் வேலைக்குப் போகிறேன். ஆனால் கடிகாரம் காட்டுவதையே பதிகிறேன். தாளைப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். இதை யாருக்காவது சொல்வதென்றால் அப்படியே சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டு அந்தப் பொய் நேரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.