டிவியில் வந்த பிள்ளைக்குப் பிடியரிசி

என் மகள் டிவியில் வரப்போகிறாள் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் கணவர்தான் எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் சொன்னார். அவரிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. பஜாரில் நூல் கடை வைத்திருந்த அவர் வீட்டில்தான் எங்கள் தெருவின் ஒரே டிவி இருந்தது. கொடைக்கானல் மலையில் ஒளிபரப்புக் கோபுரம் வந்து, சென்னை நிகழ்ச்சிகள் சங்கரன்கோவிலில் தெளிவாகத் தெரியத் தொடங்கியிருந்த சமயம்.

மகளுக்கு அப்போது நான்கு வயது முடிந்திருந்தது. குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் இடது கால் போலியோவால் சூம்பிவிட்டது. அந்த வருடம்தான் திருநெல்வேலிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்குக் காலிப்பர் செய்து கொடுத்தார்கள். காலின் இரண்டு பக்கமும் கம்பி, முழங்காலில் தோல்பட்டை, கீழே ஒரு கறுப்புப் பூட்ஸ். அவள் அதைக் கம்பிச்சூ என்பாள். முழித்திருக்கும் நேரமெல்லாம் போட்டிருக்க வேண்டும், விட்டுவிட்டால் முழங்கால் மடங்கிப் பிடித்துக்கொள்ளும், பிறகு கத்தி வைத்துத்தான் நிமிர்த்த வேண்டும் என்று டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். பிள்ளை தானாக வகுப்பு வரை நடந்து வந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்று தலைமை ஆசிரியையும் சொல்லியிருந்தார். ஆகவே அந்தக் கோடையில் எனக்கு வேறு நினைப்பே இல்லை. அவள் நடக்க வேண்டும், ஜூனுக்குள்.

ஆஸ்பத்திரிக்குப் படம் எடுப்பவர்கள் வந்தது அதற்குச் சற்று முன்னால். போலியோ வந்த பிள்ளைகளுக்காகச் சென்னையில் நடிகர்களும் பாடகர்களும் சேர்ந்து கலைநிகழ்ச்சி நடத்தி, டிவியில் காட்டி, நிதி திரட்டப் போகிறார்கள் என்றார்கள். நாங்கள் பட்டையைச் சரிசெய்துகொள்ளப் போயிருந்தோம். காலிப்பர் மாட்டினால் பஸ்ஸில் காலை மடக்க முடியாது. நீட்டிய காலில் வருகிறவர் போகிறவர் எல்லாரும் இடறுவார்கள். அதனால் நான் எப்போதும் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டு, பையைத் தோளில் மாட்டி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போவேன். அப்படி ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்தபோதே எங்களை எடுத்துவிட்டார்கள். பிறகு பட்டையை மாட்டிக்கொண்டு மகள் வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாள். அதையும் எடுத்தார்கள். கேமராக்காரர் கைதட்டினார்.

“ரெண்டையும் சேர்த்துப் போடுவோம்மா. மொதல்ல தூக்கிட்டு வர்றது, அப்புறம் நடக்கிறது. பாக்கிறவங்களுக்கு நம்பிக்கை வரும்” என்று சொன்னார்.

நிகழ்ச்சி அன்று அண்ணாச்சி வீட்டில் உட்கார இடமில்லை. தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள் வாசற்படியில் நின்றார்கள். பாட்டு, நடனம், மறுபடி பாட்டு. ஒரு நடிகர் வந்து கைகூப்பி, “உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்” என்றார். சென்னை முகவரி ஒன்று திரையில் வந்தது. அண்ணாச்சி அதை எழுதப் பேனா தேடுவதற்குள் போய்விட்டது. அதன் பிறகு நாங்கள் வந்தோம்.

“ஏட்டி, அந்தா உங்கம்மா!” என்று யாரோ கத்தினார்கள்.

எனக்கு அது நான்தான் என்று உடனே தெரியவில்லை. பஸ் பயணத்துக்கென்று வைத்திருக்கும் பழைய சேலை. தோளில் பை இழுத்ததில் ஒரு பக்கம் சாய்ந்த நடை. கறுப்பு வெள்ளையில் கண்ணுக்குக் கீழே இருட்டாக இருந்தது. பார்க்கப் பாவமாக இருந்த யாரோ ஒருத்தி என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். பின்னணியில் ஒரு குரல், நடக்க வழியில்லாத பிஞ்சுகள் என்று ஏதோ சொன்னது. உடனே தவழ்ந்து வரும் வேறொரு பிள்ளை. மறுபடி பாட்டு.

“நடக்கிறது கடைசியில வரும்” என்று கணவரிடம் மெதுவாகச் சொன்னேன். கடைசியில் செய்திகள் வந்தன.

அக்கா, அதாவது அண்ணாச்சியின் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். “உனக்கு இம்புட்டுக் கஷ்டம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலியே மக்கா!”

இவர்கள் எல்லாரும் என் மகள் காலிப்பரோடு தெருவில் நடை பழகியதைத் தினமும் பார்த்தவர்கள். அக்காவே அவளுக்கு முறுக்கு கொடுத்து, “இன்னும் நாலு எட்டு வை” என்று சொன்னவர். இப்போது அதெல்லாம் அவருக்கு ஞாபகம் இல்லையா? அல்லது டிவியில் வந்ததுதான் உண்மை, தெருவில் நான்தான் எதையோ மறைத்தேன் என்று நினைத்தாரா? அன்றே அவரிடம் கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போதும் தோன்றும்.

மறுநாள் காலையில் காலிப்பரை எடுத்ததும் மகள் காலை இழுத்துக்கொண்டாள்.

“வேண்டாம். தூக்கு.”

“நடந்து பழகணும்லா?”

“டிவில நீ என்னயத் தூக்கிட்டுத்தான போற. தூக்கு.”

அன்று மாட்டவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மிரட்டிப் பார்த்தேன், முறுக்கு காட்டினேன். கட்டாயப்படுத்தி மாட்டினால் மரக்கட்டை மாதிரி நின்ற இடத்திலேயே நின்றாள். ராத்திரி தூங்கும்போது முழங்காலைத் தடவிப் பார்ப்பேன். கொஞ்சம் மடங்கின மாதிரி இருக்கும். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

சனிக்கிழமை அரிசி வரத் தொடங்கியது.

எங்கள் சபைப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் அரிசியில் ஒரு பிடியைக் கர்த்தருக்கென்று தனி டப்பாவில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவோம். அதை விற்று ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். அந்தச் சனிக்கிழமை ஒவ்வொருத்தராக அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

“அந்த நடிகர் முடிஞ்சதக் குடுங்கன்னாருல்லா. மெட்ராஸுக்கு அரிசிய எப்படி அனுப்ப? புள்ள இங்கனதான இருக்கு” என்றார் முதலில் வந்தவர்.

“அது எங்களுக்குக் கேட்டது இல்லக்கா. பொதுவா எல்லாப் பிள்ளைகளுக்கும்…”

“உம்புள்ளயத்தான காட்டுனான்? எம்புள்ளயவா காட்டுனான்? பாத்திரத்த எடு.”

கர்த்தருக்கென்று எடுத்து வைத்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கினால் அந்தச் சாய்ந்த நடைக்காரி நான்தான் என்று ஒப்புக்கொண்டதாகாதா? யோசித்து முடிப்பதற்குள் அடுப்படியிலிருந்த பெரிய பித்தளைச் சருவத்தில் கொட்டிவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா சபைக்காரர் இல்லை. அவர்கள் சங்கரநாராயணர் கோயிலுக்குப் போகிறவர்கள். அவரும் முறத்தில் அரிசியோடு வந்தார்.

“எங்க வீட்டுல இந்தப் பழக்கம் கிடையாது. ஆனா தெருவே குடுக்கும்போது டிவி வச்சிருக்கவ சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணவர் ஆபீசிலிருந்து வந்து சருவத்தைப் பார்த்தார். “இது என்ன?”

சொன்னேன்.

“நான் என்ன வேலவெட்டி இல்லாம வீட்டுல கெடக்கேனா? திருப்பிக் குடுத்துரு.”

“எது யாரு அரிசின்னு தெரியும்? எல்லாம் ஒண்ணாக் கெடக்கு.”

புழுங்கல், பச்சை, ரேஷன் அரிசி, பொன்னி எல்லாம் கலந்திருந்தது. அதைச் சோறாகவும் ஆக்க முடியாது. ஒன்று குழையும்போது ஒன்று வேகாமல் கிடக்கும். காலையில் கோயிலுக்கே கொண்டுபோய்க் கொட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். அது கொடுத்தவர்களை அவமதிப்பதாகுமா, ஆகாதா என்பதில் பாதி ராத்திரி போனது.

ஞாயிறு காலையில் கணவர் கோயில் பாடகர் குழுவுக்கென்று முன்னாலேயே சைக்கிளை எடுத்தார். “நீங்க சருவத்தக் கொண்டு போயிருங்களேன்” என்றேன்.

“நான் தூக்கிட்டுப் போனா இன்னும் லட்சணமா இருக்கும். அதையும் ஒருத்தன் படம் எடுப்பான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சருவத்தை இரண்டு கையாலும் தூக்கித்தான் பிடிக்க முடிந்தது. மகள் வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மேலே நீட்டினாள்.

“தூக்கு.”

“கையில அரிசி இருக்குல்லா.”

“அரிசியக் கீழ வை.”

வைக்கலாம்தான். ஆனால் இன்று கொண்டுபோகாவிட்டால் அந்த அரிசி எங்கள் அரிசியாகிவிடும். அவளை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. நடுவாசலில் சருவத்தோடு நின்றேன். எதிரே பல் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

“என்னம்மா இது? புள்ளய வுட்டுட்டு அரிசியத் தூக்கிட்டுப் போற?”

ஓரிரண்டு அடி முன்னால் நடந்தேன். ஏன் நடந்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் காரணம் இல்லை. நிற்கவும் வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். மகள் அழுதாள். அழுகை சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தால் வாசலில் அவளைக் காணோம். உள்ளே தரையில் இரும்பு உரசும் சத்தம். உட்கார்ந்தபடியே காலிப்பரை இழுத்துக்கொண்டு வந்தாள்.

“மாட்டி வுடு” என்றாள் கோபமாக.

சருவத்தைக் கீழே வைத்துப் பட்டைகளை மாட்டினேன். இப்போது என் இரண்டு கையும் காலி. அவளுக்கு அது தோன்றிவிடுமோ என்று பயம். கடைசிப் பட்டையை இறுக்கியதும் அவளைப் பார்க்காமல் சருவத்தைத் தூக்கிக்கொண்டேன்.

அவள் நடந்தாள். தெரு முழுக்க டக், டக் என்று சத்தம். பெண்கள் வாசலுக்கு வந்தார்கள்.

“ஏ, புள்ள நடக்கு!”

“போன வாரமும் நடந்துச்சுல்லா?”

“அப்போ டிவில தூக்கிட்டுப் போனது?”

“அது பழசா இருக்கும்.”

“நடக்குற புள்ளைக்கா நாம அரிசி குடுத்தோம்?” என்று ஒருவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். கேலியா, சந்தோஷமா என்று எனக்குப் பிடிபடவில்லை. நானும் சிரித்துவைத்தேன். கோயிலில் எல்லாரும் கொட்டும் அண்டாவில் அரிசியைக் கொட்டினேன். வழக்கம்போல் கோழி வளர்க்கும் அம்மா ஒருவர் அதை விலைக்கு எடுத்துக்கொண்டார்.

ஜூனில் அவள் தானாகவே வகுப்பு வரை போனாள். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

அதே வருடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் பிள்ளைகள் பிடித்து நடக்கப் புதிதாகக் கைப்பிடிக் கம்பி போட்டிருந்தார்கள். டிவியில் திரட்டிய நிதியில் வந்தது என்று டாக்டரம்மா சொன்னார். மகள் அதைப் பிடிக்காமலே நடந்து காட்டினாள். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். அந்தப் படத்தைப் போட்டவர்கள் மேல் எனக்கு இருந்த கோபத்தை அந்தக் கம்பியைப் பார்த்தபின் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நடப்பதைக் காட்டியிருந்தால் கம்பி வந்திருக்குமா?

அடுத்த வருடமும் அந்த நிகழ்ச்சி வந்தது. அதே வாசல், அதே சேலை, அதே நடை. அண்ணாச்சி வீட்டில் பாதிக் கூட்டம்தான்.

“பழசையேதான் போடுதான்” என்று சொல்லி ஒருவர் உலை வைக்க எழுந்து போனார். அந்தச் சனிக்கிழமை முழுவதும் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது அரிசி கொண்டுவந்தால் மரியாதையாக மறுக்க வார்த்தைகளை யோசித்து வைத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. சாயங்காலம் ஏதோ குறைந்த மாதிரியும் இருந்தது.

பிறகு தெருவில் பல வீடுகளில் டிவி வந்தது. நாங்களும் தவணையில் வாங்கினோம். நிகழ்ச்சி ஞாயிறு மத்தியானத்துக்குப் போய், அரைமணி நேரமாகச் சுருங்கியது. நடிகர்கள் வருவதில்லை. எதிர்வீட்டில் அந்த நேரம் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கினார்கள். நான் மட்டும், விட்டால் தப்பாகிவிடுமோ என்பது போல் உட்கார்ந்து பார்ப்பேன். அப்படி ஒரு மத்தியானம், கண்மூடித் திறப்பதற்குள் நாங்கள் வந்து போனோம். மகள் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கினாள்.

“என் சூ எங்கம்மா?”

“காலிலதான இருக்கு.”

“இங்க இல்ல. டிவில.”

“பைக்குள்ள இருந்துச்சு. என் தோள்ல ஒரு பை இருந்துச்சுல்லா, அதுக்குள்ள.”

“பைக்குள்ள வச்சிக்கிட்டு எதுக்கு என்னயத் தூக்கிட்டுப் போற?”

பஸ்ஸில் காலை மடக்க முடியாது, ஆட்கள் இடறுவார்கள், இவள் சின்னப் பிள்ளை என்றெல்லாம் சொன்னேன். பென்சிலைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

“ஜன்னல் ஓரத்துல உக்கார வச்சிருக்கலாம்லா?” என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதைக் கழற்ற அவள் விடவில்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, கம்பிக் காலை என் மடிக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டாள். கண்டக்டர் ஒருமுறை பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார். யாரும் இடறவில்லை. எனக்குத்தான் தோளில் பை இலேசாகத் தொங்குவது பழக்கமில்லை. எதையோ வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி, வழி முழுவதும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன்.