ஆண்டு எழுதாத பாட்டில்கள்

சுனாமி அலை வந்ததற்கு மறு வருடம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு. பூசை முடிந்ததும் பங்கின் ஒயின் போட்டிக்கு நடுவர்களாக எங்கள் மூவரையும் கோயிலின் பின்னறையில் உட்கார வைத்தார்கள். பங்குச் சாமியார், புதுச்சேரி ஓட்டல் ஒன்றின் பாரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், பள்ளி ஆசிரியையான நான். ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள். மேசைமேல் வீட்டு இனிப்பு ஒயின் பாட்டில்கள்.

பாட்டிலில் பெயர் இல்லை, எண் மட்டும். ஆண்டு எழுதவே முடியாது. எங்கள் பங்கில் யாரும் ஒயின் ஜாடியைக் காலி செய்வதில்லை. அடியில் கொஞ்சம் விட்டுவைத்து, பன்னீர் திராட்சையில் புதிதாகப் போட்டதை அதன்மேல் ஊற்றுவோம். சர்க்கரை முழுதும் நொதித்துப் போவதற்குள் பிராந்தி சேர்த்துவிட்டால் இனிப்பு தங்கிவிடும். அதனால் வயதுக்கு மார்க் கிடையாது. பழையதும் புதியதும் ஒட்டிக்கொண்டனவா என்றுதான் பார்ப்போம். பிராந்தி தனியாக மூக்கில் ஏறினால் ஒட்டவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பரிசு வாங்கும் வீட்டார் தங்கள் ஒயினில் ஒரு டம்ளர் வீதம் கொண்டுபோய்ப் பங்கின் ஒவ்வொரு வீட்டு ஜாடியிலும் ஊற்ற வேண்டும். நடுவர்கள் வீட்டிலும்தான்.

முதல் மூன்றையும் வாயில் உருட்டி, வாளியில் துப்பி, நடுநடுவே வெறும் பன்னைக் கடித்துக்கொண்டோம். நாலாவதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததுமே என் கை நின்றுவிட்டது. லேசான கலங்கல். எவ்வளவு நாள் வைத்தாலும் தெளியாத கலங்கல். முகர்ந்தேன். காய்ந்த ஆரஞ்சுத் தோல், கருகவிட்ட சர்க்கரை. யார் வீட்டு ஒயின் என்று தெரிந்துவிட்டது.

என் மகளின் தோழி வீடு. அந்தப் பெண்ணை அலை கொண்டுபோனது. அதற்கு முந்தைய மாலை இருவரும் ஒன்றாகக் கேக் தின்றார்கள். அலைக்குப் பிறகு என் மகள் அவள் பெயரைச் சொன்னதில்லை, அந்தத் தெருப்பக்கம் போனதில்லை. சாப்பிடுவாள், படிப்பாள், கேட்டால் பதில் சொல்வாள். அவ்வளவாவது இருக்கிறதே என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடத்தைக் கடத்தியிருந்தேன். மகள் பாத்ரூமில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தால்கூடக் கதவைத் தட்டுவேன்.

பார்க்காரர் நாலாவதைக் குடித்துவிட்டுத் துப்பவில்லை.

"டீச்சர், இதுல புதுசே இல்ல. இந்த வருஷத்துத் திராட்சை ஒரு சொட்டுகூட இல்ல" என்றார். "ஆனா பரிசு இதுக்குத்தான். ரூல்ஸ் கெடக்கட்டும்."

"வேணாங்க" என்றேன்.

"ஏன்? நாக்கு செத்துப்போச்சா உங்களுக்கு?"

"பரிசு குடுத்தா எல்லார் வீட்டுக்கும் ஊத்தணும். அவங்க ஜாடி காலியாயிடும்."

நான் சொன்னது பாதிதான். அந்த ஒயின் என் வீட்டுக்குள் வரக்கூடாது. மகளைப் பிடித்து நிறுத்தியிருந்த ஏதோ ஒன்று அதில் உடைந்துவிடும்.

சாமியார் கிளாஸை மெல்லக் கீழே வைத்தார். "யாரு வீடுன்னு எங்களுக்கும் தெரியும் டீச்சர். அந்தம்மா அவங்களாத்தான கொண்டாந்து வெச்சாங்க."

நானும் நாலாவதற்கே மார்க் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மாள் தூக்குவாளியோடு வாசலில் நின்றாள். அலை வீட்டுக்குள் புகுந்தபோது ஜாடி பரணில் இருந்ததால் தப்பித்ததாம். அதைச் சொல்லிவிட்டு, தப்பாததை நினைத்தவள்போல உதட்டை மடித்துக்கொண்டாள். நான் அவசரமாக வாளிக்குக் கை நீட்டினேன். அதற்குள் பின்னாலிருந்து மகள் வந்துவிட்டாள்.

"நான் ஊத்துறேன் ஆன்ட்டி."

மகள் எங்கள் ஜாடியின் துணியை அவிழ்த்து, மூடியை என் கையில் கொடுத்து, டம்ளரில் மொண்டு ஊற்றி, மரக்கரண்டியை உள்ளே விட்டாள்.

"மெதுவா பாப்பா. அடி கலங்கிடப் போவுது" என்றாள் அந்த அம்மாள்.

மகள் கிண்டுவதை நிறுத்தினாள். தலை நிமிரவில்லை.

"அவ மட்டும் வேகமா கிண்டுவாளே ஆன்ட்டி."

நான் மூடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மாளிடமிருந்து சிரிப்பும் இருமலும் கலந்த ஒரு சத்தம் வந்தது.

"பின்ன? எத்தினி தபா கத்தியிருப்பேன். கேப்பாளா? ஒரு வருஷமாச்சும் நம்ம வூட்டு ஒயினு தெளிஞ்சிருக்குதா, சொல்லு."

"பாட்டு வேற பாடுவா" என்றாள் மகள். "கேக்கவே முடியாது."

இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். யார் முதலில் அழுதார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மகளைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்று கை பரபரத்தது. கையில் மூடி இருந்தது, நின்றபடியே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மகள் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கரண்டியை மறுபடி எடுத்து வேகமாகக் கிண்டினாள். யாரும் தடுக்கவில்லை.

அந்த வருடம் எங்கள் வீட்டு ஒயினும் தெளியவில்லை.