தோல் நிறப் பேனா

என் மனைவி பவானிக்குக் கை சும்மா இருக்காது. பழைய புடவைகளை வெட்டி, ஒட்டுப்போட்டு, நடுவே பஞ்சு வைத்துத் தைத்து, சுவரில் மாட்டுகிற குயில்ட் ஆக்கிவிடுவாள். அதன்மேல், துணிக்கென்றே விற்கும் இங்க் பேனாவால் வண்ணம் தீட்டுவாள். பேனா வாங்க மஞ்சக்குப்பத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு ஓடுவதற்கென்றே பிறந்தவன் நான்.

இந்த முறை, இறந்துபோன அவள் அக்கா அமிர்தத்தின் முகம். அக்கா மகள் கனிமொழிக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். மண்டபத்தில் மாட்ட வேண்டுமாம். கைக்குழந்தையிலேயே தாயை இழந்த பெண் அது.

நான் வாங்கி வந்த பெட்டியில் 'தோல் நிறம்' என்று ஒரு பேனா. ரோஸ் கலர்! "ஏங்க, யார் தோலுங்க இது?" என்று பவானி எரிந்து விழுந்தாள், என்னமோ நானே அதைச் செய்து விற்ற மாதிரி. மறுபடி பாண்டிச்சேரி, மறுபடி அந்த வெயில். ஒருவழியாகக் கரும்பழுப்புப் பேனா கிடைத்தது.

இதற்குள் கனிமொழியின் அப்பா, என் சகலை பழனிவேல் போன் மேல் போன். "கொஞ்சம் வெளுப்பா போடும்மா. போட்டோவுல இருக்கிற மாதிரி."

அந்தப் போட்டோ! ஸ்டுடியோக்காரன் அமிர்தத்தை வெள்ளைக்காரியாக்கி வைத்திருக்கிறான். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கனிமொழியிடம், "அம்மா செவப்பு, அப்பா செவப்பு, நீ யாரைக் கொண்டு பொறந்தே?" என்பார்கள். அறிவு கெட்ட ஜனங்கள். "நீ உங்க அம்மா மாதிரிதான்டி" என்று பவானி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "சும்மா ஆறுதலுக்குச் சொல்றே சித்தி" என்று அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

பவானி கரும்பழுப்பையே தீட்டினாள். சாயம் போகாமலிருக்கச் சூடாக இஸ்திரியும் போட்டாள். சிதம்பரத்துக்குக் கொண்டுபோய்க் கூடத்தில் விரித்தோம்.

பழனிவேலுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னம்மா இது? கொஞ்சம் வெளுத்துக் குடு."

"இங்க் பேனா மாமா. மேல மேல கறுக்கலாம், வெளுக்க முடியாது."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்னா நெனைப்பாங்க?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, போய்ச் சேந்தவங்களைப் பொண்ணு பாக்கவா வராங்க?"

அவர் கத்தினார்: "அவ கறுப்புதான்யா! நான் இல்லேன்னா சொன்னேன்? அச்சு அசலா கனிமொழி நெறந்தான். அதை மண்டபத்துல மாட்டி ஊருக்கே காட்டணுமா?"

கனிமொழி கதவருகே நின்றிருந்தாள். அவள் மெல்ல வந்து உட்கார்ந்து, துணியிலிருந்த கன்னத்தின் பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, இன்னொரு தரம் சொல்லுங்கப்பா" என்றாள்.